தோப்புப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்

காவேரிப்பட்டணம் பக்கத்து ஊரிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். மகன் பிளஸ் டூ, உயிரியல் பிரிவு. பதினேழரை வயது, 66 கிலோ, கபடியில் ரெய்டர், அதாவது பாடிப் போகிறவன். பெரிய மாமா, "நீட் லாங் டேர்ம் போடு, ஒரு வருஷம் போனா போகட்டும்" என்கிறார். சின்ன மாமா அதற்கும் மேலே. வெளியூர் அகாடமி ஒன்றில் வருஷத்துக்கு 2,40,000 ரூபாய் கட்டிச் சேர்த்துவிடலாம், டிகிரியைத் தபாலில் முடித்துக்கொள்ளலாம், இரண்டே வருஷத்தில் புரோ கபடி ஏலத்தில் பெயர் வந்துவிடும் என்கிறார். பணத்துக்கு மாந்தோப்பை அடமானம் வைப்பதாகப் பேச்சு. "இவன் ஏலத்தில் போவானா மாட்டானா, நீங்களே சொல்லுங்கள்" என்று கடிதம் முடிகிறது.

அம்மா, ஆறுதல் சொல்லித்தான் ஆரம்பிக்க நினைத்தேன். ஆனால் மகனின் கோச் எழுதிக் கொடுத்த நோட்டுப் பக்கங்களையும் இணைத்திருக்கிறீர்கள். அதைப் பார்த்த பிறகு நேராகவே பேசிவிடுகிறேன். இன்றைய நிலையில் இவன் ஏலத்துக்குரிய ஆட்டக்காரன் இல்லை. நல்ல ஆட்டக்காரன். இரண்டுக்கும் நடுவில் நாலைந்து வருஷம் இருக்கிறது.

நோட்டில் உள்ளது 9 ஆட்டம், 118 ரெய்டு. புள்ளி எடுத்தது 49, வெறுங்கையோடு திரும்பியது 47, பிடிபட்டது 22. மாமாக்கள் இந்த 49-ஐ மட்டும் பார்த்திருப்பார்கள். நான் முதலில் தேடியது எது மண் தரையில் ஆடியது, எது மேட் என்கிற செயற்கை விரிப்பில் ஆடியது என்பதை. கோச் ஓரத்தில் குறித்து வைத்திருக்கிறார், அவருக்கு ஒரு கும்பிடு. ஏழு ஆட்டம் மண்ணில்: 92 ரெய்டு, 42 புள்ளி ரெய்டு, 13 பிடி. இரண்டு ஆட்டம் மேட்டில்: 26 ரெய்டு, 7 புள்ளி ரெய்டு, 9 பிடி. மண்ணில் ஏழு தடவை போனால் ஒரு தடவை பிடிபடுகிறவன், மேட்டில் மூன்றுக்கு ஒரு தடவை பிடிபடுகிறான். புரோ கபடி முழுக்க மேட்டில்தான். ரெண்டு ஆட்டத்தை வைத்துத் தலையெழுத்தை எழுத முடியாதுதான், ஆனாலும் இந்த இடைவெளியைக் கண்டும் காணாமல் போக முடியாது.

ஏன் பிடிபடுகிறான் என்பதும் அதே பக்கத்தில் இருக்கிறது. மேட்டில் பிடிபட்ட 9-இல் 6, போனஸ் புள்ளிக்குக் கால் நீட்டும்போது கார்னர் ஆள், அதாவது தடுப்பு வரிசையின் ஓரத்தில் நிற்பவர், கணுக்காலைப் பிடித்தது. போனஸ் கோடு நடுக்கோட்டிலிருந்து 4.75 மீட்டர் உள்ளே. எதிரில் ஆறு பேரோ ஏழு பேரோ நிற்கும்போதுதான் போனஸ் உண்டு, அதாவது இரண்டு கார்னரும் பெரும்பாலும் நின்றுகொண்டிருக்கும் நேரம். ஒரு கால் கோட்டைத் தாண்ட வேண்டும், பின்கால் தரையில் படாமல் அந்தரத்தில் இருக்க வேண்டும். மண்ணில் வெறுங்காலோடு ஆடுகிறவன் இதைச் சறுக்கியே செய்துவிடுவான். நீட்டிய காலை மண் தானாகவே நழுவவிடும். மேட்டில் ஷூ போட்டுக்கொண்டு அதையே செய்தால் கால் ஒட்டிக்கொள்ளும். அரை நொடி தாமதம், கணுக்கால் கார்னர் ஆள் கையில். இதைவிட எனக்குக் கவலை தருவது இன்னொன்று: ஷூ மேட்டைப் பிடித்துக்கொண்டிருக்க, உடம்பு மட்டும் திரும்பினால் முழங்கால் தசைநார் போய்விடும். பெரிய ரெய்டரான பவன் செராவத்தை 2022 புரோ கபடி ஏலத்தில் தமிழ் தலைவாஸ் அணி 2.26 கோடிக்கு எடுத்தது. முதல் ஆட்டத்திலேயே முழங்கால் காயம், சீசனே முடிந்தது. அவருக்கு இந்திய அணி இருந்தது, ரயில்வே அணி இருந்தது, திரும்பி வந்தார். அடமானத் தோப்பை நம்பி ஆடுகிற பையனுக்கு எது இருக்கும்?

நோட்டில் இல்லாத மூன்று விஷயங்களைக் கோச்சிடம் கேட்டு வாங்குங்கள். இரண்டு வெறும் ரெய்டுக்குப் பிறகு வரும் கட்டாய ரெய்டில், அதாவது டூ ஆர் டையில், அவனை அனுப்புகிறார்களா? அனுப்பினால் என்ன ஆகிறது? புள்ளி எடுத்தே ஆக வேண்டிய 30 நொடியில்தான் ரெய்டரின் தரம் தெரியும். இரண்டாவது, எதிரில் மூன்று பேர் இருக்கும்போது எத்தனை தடவை பிடிபட்டான். அங்கே பிடிகொடுத்தால் எதிரணிக்கு ஒன்றுக்கு இரண்டு புள்ளி. மூன்றாவது, ரெய்டு இல்லாத நேரத்தில் தடுப்பவர்கள் கைகோத்து நிற்கும் சங்கிலியில் நிற்கிறானா, இல்லை ஓரத்தில் ஒதுங்கி நிற்கிறானா. பாடிவிட்டு வந்து சும்மா நிற்கும் பையனைத் தேர்வாளர் அடுத்த நாள் கூப்பிடமாட்டார்.

ஏலக் கணக்கையும் பார்த்துவிடுவோம். 12 அணிகள், அணிக்கு அதிகபட்சம் 25 பேர். மொத்தமே 300 இடம். அதில் ஏற்கெனவே தக்கவைத்தவர்களும் வெளிநாட்டு வீரர்களும் போக மீதியைத்தான் நாடு முழுக்கப் பங்குபோட வேண்டும். 2025 ஏலத்தில் கடைசிப் பிரிவின் அடிப்படை விலை 9 லட்சம், முதல் பிரிவுக்கு 30 லட்சம். சின்ன மாமா சொல்லும் கோடிகள் ஈரானின் ஷாட்லூயி போன்றவர்களுக்குப் போனவை, அவருக்கு 2.23 கோடி. தேசியப் போட்டிகளில் ஆடிப் பெயர் வாங்கியவர்களைத்தான் அணிகள் தேடும். அகாடமி ரசீதைப் பார்த்து யாரும் கை தூக்கமாட்டார்கள்.

நீட் விஷயத்தில் எனக்கு அதிகம் பேச இல்லை. "புத்தகத்தை எடுத்தாலே முகம் சுருங்குது" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். விருப்பமில்லாத பிள்ளையை ஹாஸ்டலில் வைத்து லாங் டேர்ம் படிக்க வைப்பதற்கு நான் சம்மதிக்கமாட்டேன். பொறியியல், வேளாண்மை, நர்சிங் பற்றியெல்லாம் ஊரே சொல்லும், அதையும் விட்டுவிடுகிறேன்.

யாரும் உங்களிடம் சொல்லாதது ரயில்வேயின் விளையாட்டு ஒதுக்கீடு, அதாவது ஆட்டக்காரர்களுக்கென்று ரயில்வே ஒதுக்கும் வேலை. காவேரிப்பட்டணத்துக்கு ரயிலே கிடையாது, கிருஷ்ணகிரிக்கும் கிடையாது. அதனால்தானோ என்னவோ நம் பக்கத்துப் பையன்களுக்கு இது நினைவுக்கே வருவதில்லை. இதன் மதிப்பெண் முறையைப் பாருங்கள். மொத்தம் 100. விளையாட்டுச் சாதனைக்கு 50, நேரடித் தேர்வில் ஆட்டத்திறனுக்கும் உடல்தகுதிக்கும் 40, படிப்புக்கு 10. அந்த 40-இல் 25 எடுத்தால்தான் தகுதி, இல்லாவிட்டால் சான்றிதழ் எத்தனை இருந்தாலும் வெளியே. வயது 18 முதல் 25 வரை, எந்தப் பிரிவினருக்கும் தளர்வு இல்லை. சம்பளப் படிநிலையில் லெவல் 2-இல் சேர்ந்தால் அடிப்படைச் சம்பளம் 19,900, லெவல் 3-இல் 21,700. பட்டம் இருந்தால் லெவல் 4, 5-க்கும் பார்க்கலாம், அங்கே 25,500, 29,200. படி எல்லாம் தனி. லெவல் 4, 5-க்கான சாதனைத் தகுதி ரொம்ப உயரம், அதை இப்போதே கனவு காண வேண்டாம்.

எந்தச் சாதனை செல்லும்? ஜூனியர் அல்லது சீனியர் நேஷனலில், அதாவது தேசியப் போட்டியில், மாநிலத்துக்கு ஆடி அணி முதல் எட்டுக்குள் வருவது, அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டியில் முதல் மூன்றுக்குள் வருவது, இப்படி அறிவிப்பிலேயே பட்டியல் இருக்கும். ஊர்த் திருவிழாவில் ராத்திரி ஆடி வாங்கிய கோப்பையும் சான்றிதழும் இங்கே எடுபடாது. பீரோ மேலே அடுக்கி வைத்திருக்கும் அத்தனையும் வீட்டுக்கு அழகு, அவ்வளவுதான்.

பலரும் கோட்டைவிடும் இடம் இது: சாதனைக்குக் காலாவதி உண்டு. நடப்பு நிதியாண்டு, அதற்கு முந்தைய இரண்டு நிதியாண்டுகளில் ஆடியதைத்தான் எடுத்துக்கொள்வார்கள். பத்தொன்பது வயதில் நேஷனல் ஆடிவிட்டு இருபத்து மூன்றில் விண்ணப்பித்தால் அந்தச் சான்றிதழ் வெறும் காகிதம். ஆகவே சான்றிதழ் கைக்கு வந்த வருஷமே விண்ணப்பம் போக வேண்டும். லாங் டேர்மில் உட்காரும் ஒரு வருஷம் இந்தக் கணக்கில் என்ன ஆகும் என்று பெரிய மாமாவிடமே கேளுங்கள்.

சின்ன மாமாவின் தபால் டிகிரி இன்னும் மோசம். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளில் முழுநேர மாணவர் மட்டுமே ஆட முடியும், வயது 25-க்குள். தபாலில் படித்தால் அந்தக் கதவு அடைபடும். 2,40,000 ரூபாய் வாங்கும் இடத்தில் இதைச் சொன்னார்களா?

அதனால் கல்லூரி. பாடம் எதுவாகவும் இருக்கலாம், அரியர் வைக்காமல் முடிக்கக்கூடியதாக அவனே எடுக்கட்டும். கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டும் சேலம் பெரியார் பல்கலைக்கழக எல்லை. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் கவனிக்கப்பட்டால் பல்கலைக்கழக முகாம், அங்கிருந்து அணி, பிறகு தென்மண்டலப் போட்டி. அதில் முதல் நான்கு அணிகள் அகில இந்தியப் போட்டிக்குப் போகும். சென்னைப் பக்கத்துத் தனியார் பல்கலைக்கழகங்கள் சில கபடிக்காரர்களுக்குக் கட்டணமில்லாமல் இடம் தருகின்றன. ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அங்கே ஏற்கெனவே நேஷனல் ஆடியவர்கள் வரிசையில் நிற்பார்கள். மூன்று வருஷம் பெஞ்சில் உட்கார்ந்தால் பதக்கம் வரலாம், மேட்டில் கால் பழகாது, 40-க்கு 25 வராது. நம் பக்கத்துக் கல்லூரியில் அணியில் இடம் கிடைப்பது சுலபம், பதக்க மேடை ஏறுவது கஷ்டம். இவனுக்கு இப்போது வேண்டியது ஆடும் நேரம் என்பதால் நான் உள்ளூரைத்தான் சொல்வேன். சேருமுன் கல்லூரி உடற்கல்வி இயக்குநரிடம் கேளுங்கள்: மேட் சொந்தமாக இருக்கிறதா, வாரத்தில் எத்தனை நாள் விரிக்கிறார்கள், கடந்த மூன்று வருஷத்தில் எத்தனை பேர் பல்கலைக்கழக அணிக்குப் போனார்கள். மேட் சுருட்டிய வாக்கில் தூசி படிந்து கிடந்தால் அடுத்த கல்லூரியைப் பாருங்கள்.

இன்னொரு பக்கம் ஜூனியர் நேஷனல். இருபது வயதுக்குள், 70 கிலோவுக்குள். மாவட்ட அணி, மாநில ஜூனியர் போட்டி, தேர்வு முகாம் என்று போகும் வழி இது. 66 கிலோ இப்போது சரி. அடுத்த வருஷம் 71 ஆனால் எடை பார்க்கும் முன்னால் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கச் சொல்வார்கள். விடாதீர்கள். காய்ந்த உடம்போடு மேட்டில் இறங்கினால் தொடை பிடிக்கும், அப்புறம் முழங்கால். எடை ஏறினால் ஏறட்டும், சீனியரில் 85 வரை இருக்கிறது.

அறிவிப்பு ஒரே இடத்தில் வராது. மண்டலத்துக்கு மண்டலம் தனி. சென்னையில் தெற்கு ரயில்வே, பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை, இரண்டையும் எல்லோரும் பார்ப்பார்கள். நம் தருமபுரி, பாலக்கோடு, ஓசூர் ஸ்டேஷன்கள் தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூரு கோட்டம். அதன் தலைமை ஹூப்ளி. அந்த அறிவிப்பையும் பாருங்கள், யார் வேண்டுமானாலும் எந்த மண்டலத்துக்கும் விண்ணப்பிக்கலாம். அறிவிப்பில் "கபடி ஆண்கள்" என்பதோடு நிற்காமல் ரெய்டரா, டிஃபெண்டரா, ஆல்ரவுண்டரா என்றும் போட்டிருக்கும். டிஃபெண்டர் கேட்கிற இடத்தில் இவன் போட்டால் பயணச்செலவுதான் மிச்சம். கட்டணம் 500, நேரடித் தேர்வுக்குப் போனால் 400 திரும்ப வரும். சான்றிதழில் இனிஷியலும் பிறந்த தேதியும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் உள்ளபடியே இருக்கிறதா என்று வாங்கும் அன்றே பார்த்துவிடுங்கள். பிறகு திருத்த சங்கத்துக்கு நடையாய் நடக்க வேண்டும்.

ரயில்வே கிடைக்காவிட்டால்? அதே சான்றிதழ்களோடு தமிழ்நாடு காவல்துறை எஸ்.ஐ., காவலர் தேர்வுகளில் 10 சதவீத விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வே அணியில் இருந்துகொண்டே புரோ கபடி ஆடுகிறவர்களும் உண்டு. சின்ன மாமாவுக்கு இதைச் சொல்லுங்கள், கொஞ்சம் குளிர்வார்.

செலவு: ஒரு ஜோடி கபடி ஷூ, ஒரு முழங்கால் பேண்ட், கல்லூரிக் கட்டணம், பஸ் பாஸ். இதற்கு மேல் இப்போது ஒரு ரூபாயும் வேண்டாம். தோப்புப் பத்திரம் பீரோவை விட்டு வெளியே வரக்கூடாது.

கடிதம் நாலு பக்கம். அதில் மாமாக்கள் பேசுகிறார்கள், கோச் பேசுகிறார், நீங்கள் பேசுகிறீர்கள். பையன் சொன்னதாக ஒரு வரிதான் இருக்கிறது: "ஆடணும், ஆனா அகாடமிக்குப் போகமாட்டேன்." ஏன் போகமாட்டான் என்று யாருமே கேட்கவில்லை. மாமாக்கள் இல்லாத ஒரு சாயங்காலம் கேளுங்கள். அதோடு மாவட்ட விளையாட்டு அரங்கத்துக்குப் போய் மேட்டில் பயிற்சி நேரம் எப்போது என்று விசாரியுங்கள். அடுத்த 50 ரெய்டு மேட்டில் ஆடட்டும். கோச் இதே மாதிரி ஓரத்தில் குறித்துக் கொடுத்தால், அந்தப் பக்கங்களை எனக்கு அனுப்பி வையுங்கள்.