‘வருகிறேன்’ என்பதற்கு ஆங்கிலத்தில் எது?

கேள்வி: ‘எவ்ரி டே’ வந்தால் சாதாரண நிகழ்காலம் (‘ஐ கம்’), ‘நவ்’ வந்தால் தொடர் நிகழ்காலம் (‘ஐ ஆம் கமிங்’) என்று மனப்பாடம் செய்திருக்கிறேன். ஆனாலும் தேர்வில் தவறிவிடுகிறது. ஏன்?

பதில்: காலச்சொல் ஒரு துப்புதான். அதை மட்டும் நம்பினால் ‘ஐ ஆம் நோயிங் தி ஆன்ஸர் நவ்’ என்று எழுதிவிடுவீர்கள். ‘நவ்’ இருந்தும் ‘ஐ நோ’ என்பதே சரி. அறிதல் ஒரு நிலை, நடந்துகொண்டிருக்கும் செயல் அன்று.

குழப்பத்தின் வேர் நம் மொழிப் பழக்கத்தில் இருக்கிறது. ‘தம்பி தினமும் நாளிதழ் படிக்கிறான்’, ‘தம்பி உள்ளே படிக்கிறான், சத்தம் போடாதே’ இரண்டிலும் நமக்கு ஒரே ‘படிக்கிறான்’தான். ஆங்கிலம் முதலாவதற்கு ‘ரீட்ஸ்’, இரண்டாவதற்கு ‘இஸ் ரீடிங்’ என்று பிரிக்கிறது. ஆகவே வாக்கியத்தில் ‘கொண்டிருக்கிறான்’ சேர்த்துப் பாருங்கள். ‘உள்ளே படித்துக்கொண்டிருக்கிறான்’ இயல்பாக ஒலிக்கிறது. ‘தினமும் படித்துக்கொண்டிருக்கிறான்’ என்றால் காது உறுத்துகிறது. என் மாணவர்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவது இந்தச் சோதனையைத்தான்.

கேள்வி: ‘திஸ் மன்த்’ என்றால் இந்த நொடி இல்லையே, அதற்கு ஏன் தொடர் நிகழ்காலம்?

பதில்: தற்காலிகம் என்பதால். ‘ஐ லிவ் இன் மதுரை’ என்றால் மதுரைதான் உங்கள் ஊர். ‘ஐ ஆம் லிவிங் இன் மதுரை திஸ் மன்த்’ என்றால் சில நாளில் கிளம்பிவிடுவீர்கள் என்று கேட்பவருக்குப் புரிந்துவிடும்.

கேள்வி: பாடநூலில் ‘ஹீ இஸ் ஆல்வேஸ் லூஸிங் ஹிஸ் கீஸ்’ என்று இருக்கிறது. ‘ஆல்வேஸ்’ வந்தால் ‘லூஸஸ்’ அல்லவா வரவேண்டும்? அச்சுப்பிழையா?

பதில்: பிழை இல்லை. இதைக் கேட்டதற்கு மகிழ்ச்சி. சொல்பவரின் சலிப்பு அந்த ‘இங்’கில் இருக்கிறது. ‘எப்போது பார்த்தாலும் சாவியைத் தொலைத்துக்கொண்டே இருக்கிறான்’ என்கிறோமே, அதே தொனி. நம்முடைய ‘கொண்டே’ செய்யும் வேலையை அங்கே ‘இங்’ செய்கிறது.

கேள்வி: ‘நாளைக்கு வருகிறேன்’ என்பதை ‘ஐ கம் டுமாரோ’ எனலாமா?

பதில்: கூடாது. நீங்களாகச் செய்துகொண்ட ஏற்பாடு என்பதால் ‘ஐ ஆம் கமிங் டுமாரோ’. ரயில், பஸ் போல அட்டவணைப்படி ஓடுபவற்றுக்குச் சாதாரண நிகழ்காலம்: ‘தி ட்ரெயின் லீவ்ஸ் அட் சிக்ஸ் டுமாரோ’.

கேள்வி: நேர்காணலில் ‘ஐ ஆம் ஒர்க்கிங் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்’ என்றேன். சரியா? ‘ஐ ஒர்க்’ என்றிருக்க வேண்டுமா?

பதில்: இரண்டும் இல்லை. ‘ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்’ என்பதே சரி. ‘பத்து ஆண்டுகளாக’ என்பதன் ‘ஆக’ நமக்குக் கடந்த காலத்தையும் சேர்த்து இழுத்து வந்துவிடுகிறது. அதனால் ‘வேலை செய்கிறேன்’ போதும். ஆங்கிலத்தில் அந்தச் சுமையை வினைச்சொல்லே தூக்க வேண்டும். ‘சின்ஸ் 2015’ என்றாலும் இப்படித்தான்.

கேள்வி: ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’?

பதில்: ‘ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்’. ஆனால் ‘ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்’ சரி; அங்கே ‘ஹேவ்’ சாப்பிடுவதைக் குறிக்கிறது.