அமெரிக்காவின் வடக்கே கிராமப்புறத்தில் பனிச்சறுக்கு பழக உங்களுக்குப் பிடித்த உள்ளூர் இடங்கள் எவை?

கேள்வி கேட்டவர் கும்பகோணத்துக்காரர். மகள் வெர்மான்ட் மாநிலத்தில் மேற்படிப்புக்குச் சேர்கிறாளாம். அங்கே குளிர்காலத்தில் எல்லோரும் பனிச்சறுக்குப் போகிறார்கள், ஆனால் பெரிய ரிசார்ட்டுகளில் ஒரு நாள் டிக்கெட் விலையைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது, உள்ளூரில் பழகுவதற்கு நல்ல இடம் உண்டா என்று கேட்டிருக்கிறார்.

நான் பக்கத்து ஊர்தான், பாபநாசம். கணவரின் வேலைக்காக வெர்மான்ட்டின் வடகிழக்கு மூலையில், செயின்ட் ஜான்ஸ்பரி என்ற சின்ன ஊரில் ஆறு குளிர்காலம் இருந்துவிட்டுத் திரும்பியவள். நம் பக்கம் பிறந்தவர்களுக்குச் சரிவு என்பதே பழக்கமில்லை. சுவாமிமலையே கட்டுமலை, அறுபது படி. அதனால் உங்கள் மகள் எங்கே தொடங்குகிறாள் என்பது ரொம்ப முக்கியம். பெரிய ரிசார்ட்டில் 100 டாலருக்கு மேல் கொடுத்துக் கூட்டத்தில் தொடங்க வேண்டாம். ஊர்க்காரர்களே நடத்தும் சின்ன மலையில் தொடங்கட்டும்.

என் மனசுக்கு முதல் இடம் ஈஸ்ட் கொரிந்த் கிராமத்தில் இருக்கும் நார்த்ஈஸ்ட் ஸ்லோப்ஸ். 1936 முதல் ஓடுகிறது. லாபத்துக்காக நடப்பது இல்லை, தன்னார்வலர்கள்தான் எல்லா வேலையும் பார்க்கிறார்கள். மேலே போக நாற்காலி லிஃப்ட் கிடையாது. முக்கியமான ஏற்றம் கயிறுதான். கீழிருந்து மேலே போய்த் திரும்பும் நீளமான ஒரே கயிறு, முடிவில்லாத வளையமாக ஓடிக்கொண்டே இருக்கும். காலில் ஸ்கீயோடு (பூட்ஸுக்கு அடியில் மாட்டும் நீளப் பட்டை) அதன் பக்கத்தில் நின்று, கையால் பிடித்தால் மேலே இழுத்துக்கொண்டு போகும். எடுத்த எடுப்பில் இறுகப் பிடிக்கக் கூடாது, தோள்பட்டை பிடுங்கிக்கொள்ளும். முதலில் கயிறு உள்ளங்கையில் வழுக்கி ஓட விட வேண்டும். உடம்பு நகரத் தொடங்கியதும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். கிணற்றில் நிறைகுடத்தை இழுத்தவர்களுக்கு இந்தப் பிடி சீக்கிரம் வந்துவிடும். எனக்கு வந்தது.

அந்தக் கயிற்றை இழுப்பது ஒரு பழைய ஃபோர்டு லாரி எஞ்சின். அமெரிக்காவிலேயே முதல் கயிற்று ஏற்றம் இதே வெர்மான்ட்டில், உட்ஸ்டாக் ஊரில், 1934இல் ஃபோர்டு மாடல் டி எஞ்சினை வைத்து ஓட்டியதுதான். மேட்டூர் அணை திறந்த வருடமும் அதுதான். அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

அப்பா ஒரு வருடம் சம்பா அறுவடையை முடித்துவிட்டு பிப்ரவரியில் எங்களிடம் வந்திருந்தார். குடமுருட்டிப் பாசனத்தில் நாற்பது வருடம் விவசாயம் பார்த்தவர். ஆயில் எஞ்சின் பம்புசெட்டை ஆளே வைக்காமல் தானே பிரித்து மாட்டுவார். அந்தக் குளிரில் காரை விட்டு இறங்கமாட்டார் என்றுதான் நினைத்தேன். எஞ்சின் சத்தம் காதில் விழுந்ததும் இறங்கிவிட்டார்.

"ஏம்மா, இது லாரி எஞ்சின் மாதிரில்ல இருக்கு?"

எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவருக்கு அப்பாவின் வயதுதான் இருக்கும். அப்பாவுக்கு ஆங்கிலம் வராது, அவருக்குத் தமிழ் வராது. ஆனாலும் இரண்டு பேரும் அரை மணி நேரம் பேசினார்கள். கயிறு நின்றிருந்த நேரத்தில் என் கையுறையை வாங்கிப் போட்டுக்கொண்டு அப்பா அதைத் தடவிப் பார்த்தார். முடிச்சே இல்லாமல், பிரிகளை அவிழ்த்து ஒன்றுக்குள் ஒன்று நுழைத்துச் சேர்த்திருந்த இடத்தை விரலால் கண்டுபிடித்துக் காட்டினார். பெரியவர் அப்பாவின் தோளில் தட்டிச் சிரித்தார்.

வீடு திரும்பும்போது அப்பா கேட்டது ஒரே கேள்வி. "இதுல யாருமே சம்பளம் வாங்கலயா?" டிக்கெட் கிழிப்பவர், எஞ்சின் பார்ப்பவர், சமையலறையில் சூப் ஊற்றுபவர் எல்லோரும் முறை வைத்துக்கொண்டு வரும் ஊர்க்காரர்கள் என்றேன். இலையுதிர் காலத்தில் ஒரு நாள் குறித்து ஒன்றுகூடி, சரிவில் வளர்ந்த புதரை வெட்டி, புல்லை அறுத்து, பனிக்குத் தயாராக வைப்பார்கள் என்பதையும் சொன்னேன். கொஞ்ச தூரம் பேசாமல் வந்தார். அப்புறம், "மேட்டூர்த் தண்ணி வர்றதுக்கு முன்னாடி வீட்டுக்கு ஓராள் வந்து வாய்க்கால் வெட்டுவோமே, அதுதான் இது" என்றார். தன் அப்பா காலத்துக் குடிமராமத்தைப் பற்றி அன்று ராத்திரி வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். அந்த மலை எனக்கு ஏன் அவ்வளவு பிடித்தது என்பது அன்றைக்குத்தான் எனக்கே புரிந்தது.

ஒரு விஷயம் மட்டும் கவனம். அங்கே செயற்கைப் பனி போடும் இயந்திரம் கிடையாது. வானத்திலிருந்து விழுந்தால்தான் உண்டு. மேட்டூர் திறக்கும் ஜூன் 12 நெருங்க நெருங்க நாம் அணையின் நீர்மட்டத்தைப் பார்ப்பது போல, டிசம்பர் வந்தால் அந்த ஊர்க்காரர்கள் வானிலை அறிக்கையைப் பார்ப்பார்கள். நமக்கு 2024இல் ஜூலை 28 வரை தண்ணீர் வராமல் போன மாதிரி அவர்களுக்கும் தவித்த வருடங்கள் உண்டு. ஜனவரியில் திடீரென்று ஒரு வாரம் வெப்பம் ஏறி மழை பெய்து, மறுபடி உறைந்தால் சரிவு முழுக்கக் கண்ணாடி போல ஆகிவிடும். அந்த மாதிரி நாளில் புதிதாகப் பழகுபவர் போகவே கூடாது. கிளம்பும் முன் இன்றைக்குத் திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

இரண்டாவது, லிண்டன்வில் ஊரில் இருக்கும் லிண்டன் அவுட்டிங் கிளப். 1937இல் தொடங்கியது, இதுவும் தன்னார்வலர்கள் நடத்துவது. எங்கள் வீட்டிலிருந்து கால் மணி நேரம். விளக்கு போட்டு இரவிலும் சறுக்க விடுவார்கள் என்பதுதான் இதன் அருமை. அங்கே டிசம்பரில் நாலரை மணிக்கே இருட்டிவிடும். அந்த நீண்ட இருட்டு வீட்டுக்குள் அடைந்து கிடப்பவர்களின் மனத்தை அமுக்கும், நானே முதல் வருடம் மிகவும் சோர்ந்து போனேன். சாயங்காலம் இரண்டு மணி நேரம் வெளிச்சமும் பனியும் ஆள் சத்தமுமாக ஓர் இடம் கிடைத்த பிறகுதான் தேறினேன். படிக்கப் போகும் பெண்ணுக்கு இது பெரிய விஷயம். அங்கே டி வடிவக் கம்பி ஒன்று பின்னால் வந்து தள்ளிக்கொண்டு மேலே போகும். அதில் உட்காரக் கூடாது, உட்கார்ந்தால் கீழே இறங்கிவிடும். நின்றபடியே தள்ள விட வேண்டும்.

மூன்றாவது கொஞ்சம் தூரம். ரிச்மண்ட் ஊரில் காக்ரன்ஸ். 1961இல் காக்ரன் தம்பதியர் ஒரு பண்ணை வீட்டை வாங்கி, கொல்லைப்புறச் சரிவில் தங்கள் நான்கு பிள்ளைகளுக்காக ஒரு கயிறு கட்டினார்கள். நான்கு பேருமே அமெரிக்க தேசிய அணிக்குப் போனார்கள். அவர்களில் பார்பரா ஆன், 1972 சப்போரோ ஒலிம்பிக்கில், கம்பங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்கும் ஸ்லாலம் போட்டியில் 0.02 நொடி வித்தியாசத்தில் தங்கம் வென்றார். சரியாக ஐம்பது வருடம் கழித்து 2022 பெய்ஜிங்கில் அவருடைய மகன் ரயன் காக்ரன்-சீகல், 0.04 நொடியில் தங்கம் நழுவி வெள்ளி வாங்கினார். கொல்லைப்புறத்தில் தொடங்கிய அந்த இடம் 1998இல் லாப நோக்கற்ற அமைப்பாக மாறி, இன்று ஊர்க் குழந்தைகள் எல்லோருக்கும் பொதுவாக இருக்கிறது. கற்றுக்கொடுக்கும் பொறுமையில் இவர்களை மிஞ்ச ஆள் இல்லை. மார்ச் மாதம் போனால் அந்தக் குடும்பத்தின் அடுத்த தலைமுறை மேப்பிள் மரத்துச் சாற்றைக் காய்ச்சிப் பாகு எடுப்பதையும் பார்க்கலாம். ஏறக்குறைய 40 லிட்டர் சாறு வற்றினால்தான் ஒரு லிட்டர் பாகு. வீரமாங்குடிப் பக்கம் வெல்லம் காய்ச்சும் கொட்டகையில் நின்றவர்களுக்கு அந்த ஆவியும் வாசனையும் உடனே ஊரை ஞாபகப்படுத்தும்.

பெரிய மலை வேண்டுமென்றால் இரண்டாம் வருடம் பர்க் போகலாம். 1970 முதல் அங்கே பனிச்சறுக்கு வீரர்களுக்கென்றே ஒரு பள்ளி நடக்கிறது, ஒலிம்பிக் தங்கம் வென்ற மிக்கேலா ஷிஃப்ரின் படித்தது அங்கேதான். கனடா எல்லையை ஒட்டிய ஜே பீக்கில் பனி கொட்டும், ஆனால் காற்றும் அப்படி. பழகாதவர்கள் அவசரப்பட வேண்டாம்.

அப்புறம், போட்டுக்கொள்ளும் துணி. ஜீன்ஸ், பருத்தி இரண்டுமே ஆகாது. நனைந்தால் காயாது, உடம்பின் சூடெல்லாம் போய்விடும். கம்பளி உள்ளாடை, கம்பளிக் காலுறை ஒரே ஒரு ஜோடி. இரண்டு போட்டால் பூட்ஸ் இறுகி ரத்தம் ஓடாமல் கால் இன்னும் சில்லிடும். ஸ்கீ, பூட்ஸ், ஹெல்மெட் மூன்றையும் முதல் வருடம் வாடகைக்கு எடுத்தால் போதும். முதல் நாளே ஒரு வகுப்பில் சேர்ந்துவிட வேண்டும். இரண்டு ஸ்கீயின் முனைகளையும் கூரை முகடு போல முன்னால் நெருக்கி, பின்பக்கத்தை விரித்து நின்று வேகம் குறைப்பதைத்தான் முதலில் சொல்லித் தருவார்கள். அது கைவராமல் மேட்டில் ஏறக் கூடாது.

கயிறு பிடிக்கத் தோல் கையுறை வேண்டும். பனிக்கென்று விற்கும் விலை உயர்ந்த துணிக் கையுறையைக் கயிறு சில நாளிலேயே தேய்த்துத் தின்றுவிடும். அங்கே விவசாய வேலைக்கு விற்கும் தடித்த தோல் கையுறைதான் தாங்கும். என்னுடைய பழைய ஜோடியை அப்பா விடாப்பிடியாக ஊருக்கு எடுத்துவந்து பம்புசெட் கொட்டகையில் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார். உங்கள் மகள் கிளம்புவதற்குள் ஒரு நாள் பாபநாசம் வந்தால் வாங்கிக்கொண்டு போகலாம். உள்ளங்கையில் கயிறு ஓடிய இடம் கறுத்திருக்கும், ஆனால் தையல் எங்கேயும் விடவில்லை.