மொட்டைமாடி ஹைட்ரோபோனிக்ஸில் சென்சார்: கேள்வி பதில்

மண்ணில்லாமல், உரக்கரைசலில் கீரையும் லெட்யூஸும் வளர்ப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கான பதில்கள் இவை.

புதிதாகத் தொடங்குபவர்: அக்கா, முதலில் எந்த சென்சார் வாங்கட்டும்? பிஎச் தானே?

இல்லை. முதலில் தண்ணீரின் சூட்டைப் பார்க்கும் டிஎஸ்18பி20 வாங்குங்கள், விலையும் குறைவு. நம் ஊர் மாடியில் செடியைக் கொல்வது பெரும்பாலும் தொட்டியின் சூடுதான். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். வேர் மூச்சுத் திணறும்போது பித்தியம் என்ற அழுகல் நோய் எளிதாகப் புகுந்துவிடும். நல்ல வேர் வெள்ளையாக இருக்கும். பழுப்பேறி, தொட்டால் வழுவழுவென்று மேல்தோல் உரிந்து வந்தால் அழுகத் தொடங்கிவிட்டது. 28 டிகிரியைத் தாண்டினால் போனுக்குச் செய்தி வருகிற மாதிரி வையுங்கள், தொட்டியையும் நிழலுக்கு மாற்றுங்கள்.

இன்னொன்று: டேட்டா வயருக்கும் 3.3 வோல்ட்டுக்கும் நடுவில் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட மறக்காதீர்கள். திரையில் -127 என்று வந்தால் சென்சாரே பதில் சொல்லவில்லை என்று அர்த்தம்.

கல்லூரி மாணவர்: சென்சார்களை மாட்டும் இஎஸ்பி32 என்ற சிறிய கண்ட்ரோலர் போர்டில் வைஃபை இணைந்ததும் பிஎச் அளவு வருவதில்லையே, அக்கா?

அனலாக் அளவு எடுக்க அந்த போர்டில் ஏடிசி1, ஏடிசி2 என்று இரண்டு வகைப் பின்கள் உண்டு. நீங்கள் ஏடிசி2 பின்னில் மாட்டியிருப்பீர்கள் தம்பி. வைஃபை ஓடும்போது அந்தப் பின்களில் அனலாக் அளவு எடுக்க முடியாது. 32 முதல் 39 வரையுள்ள ஏடிசி1 பின்களில் ஒன்றுக்கு மாற்றுங்கள். மாட்டுவதற்கு முன் பிஎச் போர்டின் அவுட்புட்டை மல்டிமீட்டரில் பாருங்கள், 3.3 வோல்ட்டைத் தாண்டினால் பின் போய்விடும்.

அதே மாணவர்: கரைந்த உப்பின் அளவைப் பார்க்கும் டிடிஎஸ் புரோபையும் அதே தொட்டியில் விட்டால் பிஎச் தாறுமாறாக ஆடுகிறது.

டிடிஎஸ் புரோப் தண்ணீருக்குள் மின்சாரம் செலுத்தித்தான் அளக்கிறது. அது பிஎச் புரோபின் நுண்ணிய சிக்னலைக் கெடுத்துவிடும். ஒன்றை அளக்கும்போது மற்றதன் பவரை நிறுத்துங்கள், கிரவுண்டையும் சேர்த்துத் துண்டிக்க வேண்டும். அப்புறம், பிஎச் புரோபை ஆர்ஓ தண்ணீரில் ஊறவைக்காதீர்கள், சீக்கிரம் கெட்டுவிடும். எடுத்து வைக்கும்போது பொட்டாசியம் குளோரைடு கரைசலில் வையுங்கள்.

தாம்பரம் வாசகர்: ஒரே தண்ணீர், என் டிடிஎஸ் மீட்டர் 700 என்கிறது, நண்பருடையது 980. எது சரி?

இரண்டும் சரிதான் ஐயா. இரண்டு மீட்டரும் அளப்பது இசியைத்தான், அதாவது தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும் திறனை. அதை ஒன்று 500-ஆலும் மற்றது 700-ஆலும் பெருக்கிக் காட்டுகிறது. உங்கள் தண்ணீரின் இசி 1.4 மில்லிசீமன்ஸ்/செ.மீ. இனி இசியிலேயே பேசுங்கள், குழப்பம் வராது. லெட்யூஸுக்கு 0.8 முதல் 1.2 வரை போதும். உரம் போடாத போர் தண்ணீரே இந்த அளவைத் தொட்டால் அதில் உரத்துக்கு இடமில்லை. மழைநீரோ ஆர்ஓ தண்ணீரோ கலந்துதான் ஆக வேண்டும்.

கோவை வாசகி: இசி சரியாகத்தான் காட்டுகிறது. ஆனால் கரைசலில் வெள்ளையாக ஏதோ படிகிறது.

ஏ, பி என்று இரண்டு பகுதியாக வரும் உரங்களை அப்படியே ஒன்றாகக் கலந்தீர்களா அம்மா? கால்சியம் நைட்ரேட்டும் சல்பேட்டும் அடர்த்தியாகச் சந்தித்தால் ஜிப்சமாகப் படிந்துவிடும். ஒன்றைத் தொட்டித் தண்ணீரில் நன்றாகக் கலக்கிவிட்டு, பிறகு மற்றதை ஊற்றுங்கள். எந்தச் சத்து குறைகிறது என்று இசி சென்சாரால் சொல்லவே முடியாது. அதற்கு இலையைத்தான் பார்க்க வேண்டும்.

மதுரை வாசகர்: பிஎச் ஏறினால் ஆசிட் தானாக விழும்படி செய்யலாமா?

இப்போதைக்கு வேண்டாம். புரோப் ஒரு நாள் தப்பாகக் காட்டினால் மோட்டார் விடிய விடிய ஆசிட் ஊற்றும். மாதக்கணக்கில் கையால் அளந்து, சென்சாரோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகு செய்யுங்கள். அப்போதும் ஒரு தடவைக்கு இத்தனை நொடி, ஒரு நாளைக்கு இத்தனை தடவை என்று புரோகிராமில் வரம்பு கட்டாயம் வேண்டும்.

அதைவிட அவசரமானது மின்வெட்டு. குழாயில் மெல்லிசாகத் தண்ணீர் ஓடும் முறை என்றால், மே மாத வெயிலில் மோட்டார் நின்ற ஓரிரு மணி நேரத்தில் செடி துவண்டுவிடும். ரவுட்டரும் அணைந்துவிடுவதால் உங்களுக்குச் செய்தியும் வராது. ரவுட்டர், இஎஸ்பி32, 12 வோல்ட் மோட்டார் மூன்றையும் ஒரே பேட்டரியில் மாட்டுங்கள்.