சைஸ் மென்பொருளில் இணைச்செயலாக்கம்: கேள்வி பதில்

அமெரிக்காவின் சாண்டியா தேசிய ஆய்வகம் உருவாக்கி, 2013 முதல் திறந்த மூல உரிமத்தில் வழங்கிவரும் மின்சுற்று சிமுலேஷன் மென்பொருள் சைஸ் (Xyce; ஸ்பைஸ் என்ற மின்சுற்று சிமுலேட்டரின் பெயருக்கு எதுகையாக உச்சரிக்க வேண்டும்). அதனைப் பல கோர்களில் (கணினிச் செயலியின் தனித்தனிக் கணிப்பு அலகுகளில்) ஒரே நேரத்தில் ஓட்டுவது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதிலளிக்கிறேன்.

கேள்வி: நாற்பது டிரான்சிஸ்டர்கள் கொண்ட பெருக்கிச் சுற்றை எட்டு கோர்களில் ஓட்டினேன். ஒரே கோரில் ஓடியதைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டது. எங்கே தவறு?

பதில்: தவறு எதுவும் இல்லை. ஒவ்வொரு காலப்படியிலும் மென்பொருள் இரண்டு வேலைகளைத் திரும்பத் திரும்பச் செய்கிறது: ஒவ்வொரு சாதனத்தின் மின்னோட்டத்தையும் அதன் வகைக்கெழுவையும் கணித்து அணியை (சுற்றின் சமன்பாடுகளைத் தாங்கிய மேட்ரிக்ஸை) நிரப்புவது ஒன்று, அந்த அணியைத் தீர்த்து எல்லாக் கணுக்களின் (பாகங்கள் ஒன்றோடொன்று இணையும் புள்ளிகளின்) மின்னழுத்தத்தையும் காண்பது மற்றொன்று. ஒரு டிரான்சிஸ்டரைக் கணிக்க இன்னொன்றின் விடைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதால் முதல் வேலையைப் பங்கிடுவது எளிது. இரண்டாவதிலோ கணுக்கள் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதால் கோர்கள் ஓயாமல் செய்தி பரிமாறிக்கொள்ள வேண்டும். நாற்பது டிரான்சிஸ்டர்களுக்கு அந்தப் பரிமாற்றமே கணக்கைவிடப் பெரிய செலவாகிவிடுகிறது.

கேள்வி: அப்படியானால் எந்த அளவுச் சுற்றுக்கு இணைச்செயலாக்கம் பயன்படும்?

பதில்: தோராயமாக, ஆயிரம் சாதனங்கள் வரை ஒரே கோரும் கேஎல்யூ என்னும் நேரடித் தீர்வியும் (அணியை நேரடியாகத் தீர்க்கும் நிரல்பகுதி) போதும். சில ஆயிரங்களில் சாதனக் கணிப்பை மட்டும் பங்கிட்டு, அணியை ஒரே கோரில் தீர்ப்பது நல்ல இடைவழி. பல பத்தாயிரங்களைத் தாண்டினால்தான் அணித்தீர்வையும் பங்கிட்டு, விடையைப் படிப்படியாக நெருங்கும் மறுசெய்கைத் தீர்வியை நாட வேண்டும். என்றாலும் எண்ணிக்கையை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள்: ஓட்டத்தின் முடிவில் அச்சாகும் சுருக்கத்தில் நேரியல் தீர்வுக்கு, அதாவது அணியைத் தீர்ப்பதற்கு, ஆன நேரம் தனியாகக் காட்டப்படும், மொத்த நேரத்தில் அதன் பங்கு சிறிதாக இருந்தால் தீர்வியை மாற்றிப் பயனில்லை.

கேள்வி: நான்கு கோர்களில் ஓட்டினால் திரையில் ஒவ்வொரு வரியும் நான்கு முறை வருகிறது.

பதில்: நீங்கள் நிறுவியிருப்பது ஒற்றைக் கோர்ப் பதிப்பு. எம்பிஐ (கோர்கள் செய்தி பரிமாறிக்கொள்ளும் முறை) ஆதரவோடு தொகுக்கப்படாத நிரலை, அதைப் பல கோர்களில் தொடங்கும் எம்பிஐரன் கட்டளை கொண்டு தொடங்கினால், ஒரே வேலையின் நான்கு பிரதிகள் தனித்தனியே ஓடி, ஒரே வெளியீட்டுக் கோப்பின்மேல் ஒன்றையொன்று அழித்து எழுதும். இணைப் பதிப்பைத் தனியாக நிறுவ வேண்டும்.

கேள்வி: பெரிய இலக்கச் சுற்று ஒன்று நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. மின்வழங்கல் பாதையில் சிறு மின்தடைகளைச் சேர்த்ததும் வேகம் சரிந்துவிட்டது. ஒரு சில மின்தடைகளா இவ்வளவு செய்யும்?

பதில்: செய்யும், இவற்றில் மிக நல்ல கேள்வி இதுதான். மின்வழங்கல் கணு பல்லாயிரம் சாதனங்களைத் தொடுவதால் அணியில் அதன் வரிசை ஏறத்தாழ நிரம்பியிருக்கும். அப்படிப்பட்ட வரிசை, அணியைக் கோர்களுக்குப் பிரித்துக் கொடுப்பதைக் கெடுக்கிறது. அந்தக் கணு இலட்சிய மின்னழுத்த மூலத்தோடு நேராக இணைந்திருந்தவரை அதன் மின்னழுத்தம் முன்பே தெரிந்த ஒன்றாக இருந்தது. ஆகவே தீர்ப்பதற்கு முன்பே சிங்கிள்டன் வடிகட்டி (ஒரே மாறி மட்டும் உள்ள வரிசைகளை முன்பே நீக்கும் பகுதி) அதை அணியிலிருந்து நீக்கிவிட்டது. நீங்கள் சேர்த்த மின்தடை அந்தக் கணுவை மூலத்திலிருந்து பிரித்து, தீர்க்க வேண்டிய மாறியாக்கிவிட்டது. அந்த மின்தடைகள் உங்கள் ஆய்வுக்கு உண்மையிலேயே தேவையா என்று முதலில் பாருங்கள், பலருக்குத் தேவைப்படுவதில்லை. தேவையெனில் முதலில் நேரடித் தீர்விக்குத் திரும்பி, சாதனக் கணிப்பை மட்டும் பங்கிட்டுப் பாருங்கள்.

கேள்வி: வேறு சிமுலேட்டருக்கு எழுதிய நெட்லிஸ்ட் (சுற்றின் பாகங்களையும் இணைப்புகளையும் பட்டியலிடும் கோப்பு) அப்படியே ஓடுமா?

பதில்: பெரும்பாலும் சிறு திருத்தங்கள் வேண்டியிருக்கும். ஹெச்ஸ்பைஸ், பிஸ்பைஸ் நெட்லிஸ்ட்களை மாற்ற எக்ஸ்டிஎம் என்ற துணைக்கருவி உண்டு. தரைக்கணுவுக்கு 0 என்றே பெயரிடுங்கள்.

கேள்வி: உதிரிப் பாகங்களின் மதிப்பைச் சற்றே மாற்றி மாற்றி ஒரு சிறிய சுற்றை ஆயிரம் முறை ஓட்ட வேண்டும். ஒவ்வொன்றையும் எத்தனை கோர்களில் ஓட்டலாம்?

பதில்: ஒன்றில்தான். ஓட்டங்கள் ஒன்றையொன்று சாராதவை. ஆகவே எட்டு கோர்கள் இருந்தால் எட்டு ஓட்டங்களை ஒரே நேரத்தில், ஒவ்வொன்றையும் ஒற்றைக் கோர்ப் பதிப்பில், தனித்தனிக் கோப்புறைகளில் தொடங்குங்கள். நினைவகம் போதுமானதாக இருந்தால் வேகம் ஏறத்தாழ எட்டு மடங்காகும். ஒரு சிறிய சுற்றையே எட்டாகப் பிரித்து இந்த வேகத்தை எட்ட முடியாது.