பரங்கி ஏறுகொடியா, படர்கொடியா?

கேள்வி: எங்கள் கொல்லையில் பாகல் பந்தலில் ஏறுகிறது, பரங்கி தரையில் ஓடுகிறது. ஆனால் பாகலைப் போலவே பரங்கிக்கும் பற்றுக்கம்பி இருக்கிறது. அப்படியிருக்க, என் மகளின் பாடநூல் பரங்கியைப் படர்கொடி என்பது சரியா?
– வாசகி, பாபநாசம்

பதில்: கொடி எங்கே கிடக்கிறது என்று பார்த்தால் பாடநூல் சொல்வது சரி, அதன் உறுப்புகளைப் பார்த்தால் உங்கள் ஐயத்தில் நியாயம் இருக்கிறது. பரங்கி ஏறத் தெரிந்த கொடிதான். காயின் கனத்தைப் பந்தல் தாங்காது என்பதால் நாம் அதைத் தரையில் விட்டுவிடுகிறோம்; மண்ணில் படும் கணுக்களில் அது வேரும் விடுகிறது. (தேர்வில் உங்கள் மகள் பாடநூலில் உள்ளபடியே எழுதட்டும்.)

ஏறுகொடிகள் எல்லாம் ஒரே விதமாக ஏறுவதில்லை. அவரையும் சங்குப்பூவும் தண்டையே கொம்பில் சுற்றிக்கொண்டு ஏறுகின்றன. செங்காந்தள் இலை நுனியால் பற்றுகிறது. பாகலின் பற்றுக்கம்பியோ, நுனி கம்பில் பட்டதும் அதைச் சுற்றிக்கொண்டு, பிறகு இடைப்பகுதியைச் சுருளாக்கிக் கொடியைக் கம்பின் பக்கம் இழுக்கிறது. அந்தச் சுருளை அருகில் சென்று பாருங்கள்: பாதிவரை ஒரு திசையிலும், சிறிது நேராக ஓடிய பின் எதிர்த் திசையிலும் முறுக்கியிருக்கும். இரு முனையும் பிடிபட்ட இழை தன்மேல் முறுக்கேறாமல் சுருள வேறு வழியில்லை. காற்றடிக்கும்போது இந்தச் சுருள் நீண்டு கொடுப்பதால்தான் கொடி அறுவதில்லை.

உங்கள் ஊர்ப்பக்கத்துக் கொடிக்காலில் அகத்தியைப் பற்றி ஏறும் வெற்றிலைக்குப் பற்றுக்கம்பி கிடையாது, கணுவேர்களே பிடிமானம். ஆயினும் அவற்றை மட்டும் நம்பாமல் வாழைநாரால் கட்டியும் விடுவார்கள். வளர்ந்த கொடியை இறக்கி மண்ணில் பதித்தால், புதைந்த கணுக்கள் வேர்விட்டுக் கொடி மறுபடி துளிர்க்கிறது.

வல்லாரையும் வேதாரண்யம் கடற்கரை மணலில் ஓடும் அடப்பங்கொடியும்தான் அசல் படர்கொடிகள்: பற்றும் உறுப்பு இல்லை, ஓடும் வழியெல்லாம் கணுவில் வேர். கணுவில் வேர்விடாத நெருஞ்சியையும் பேச்சுவழக்கில் இவற்றோடு சேர்த்துவிடுகிறோம். சர்க்கரைவள்ளியைப் பயிரிடுவோருக்கு இந்தக் கணுவேரே தொல்லை. ஆங்காங்கே வேர் இறங்கினால் தாய்க்கிழங்கு பெருக்காது என்பதால், கிழங்கு பிடிக்கும் பருவத்தில் கொடியைத் தூக்கிப் புரட்டிவிடுவார்கள்.