கிணற்றுத் தரவை யாருக்குத் திறப்பது? வன்னி ஆய்வாளர்களின் கேள்விகளுக்குப் பதில்

நிலத்தடி நீர்த் தரவுதான் என் வேலை. அதற்கு உட்பட்ட கேள்விகளுக்கு விரிவாகவும் மற்றவற்றுக்குத் தெரிந்த அளவும் பதில் தருகிறேன்.

முதுமாணி மாணவி, கிளிநொச்சி: திறந்த அறிவியல் என்றால் கட்டுரையை இலவசமாகப் படிக்கவிடுவதுதானே?

அது ஒரு பங்குதான், தங்கச்சி. 2002இல் திறந்த அணுகலுக்கான புடாபெஸ்ட் பிரகடனம் பேசியது கட்டுரையைப் பற்றி. 2021 நவம்பரில் வந்த யுனெஸ்கோவின் திறந்த அறிவியல் பரிந்துரை தரவு, கணினி நிரல், கருவி, ஊர்ச்சனத்தின் அறிவு வரைக்கும் போகிறது. இரணைமடுக் குளத்துக்குக் கீழே நீங்கள் எடுத்த அளவை, நீங்கள் வேலை மாறிப்போன பிறகு ஒருவர் திறக்கிறார் என்று வையுங்கள். எந்தக் கிணறு, எந்த மாதம், எந்தக் கருவி, எந்த அலகு என்று உங்களைத் தேடாமலே அவருக்கு விளங்கவேண்டும்.

உதவி விரிவுரையாளர், வவுனியா: காசு கட்டாமல் எங்கே வெளியிடலாம்?

ஆசிரியரிடமும் வாசகரிடமும் காசு கேட்காத ஜேர்னல்கள் நிறைய உண்டு. திறந்த ஜேர்னல்களைத் தொகுத்துத் தரும் டோஆஜ் (DOAJ) பட்டியலில் 'கட்டணமில்லை' என்று வடிகட்டித் தேடுங்கள். காசு கட்டி வாசிக்கும் மூடிய ஜேர்னலில் வந்தாலும், ஏற்கப்பட்ட கையெழுத்துப் பிரதியைப் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் வைக்கப் பல ஜேர்னல்கள் விடுகின்றன. எப்போது வைக்கலாம் என்பதை, ஜேர்னல்களின் விதிகளைத் தொகுத்துத் தரும் 'ஓப்பன் பொலிசி ஃபைண்டர்' தளத்தில் (முன்பு ஷெர்பா ரோமியோ) பாருங்கள். 'மதிப்புக்குரிய பேராசிரியரே, மூன்று நாளில் வெளியிடுகிறோம்' என்று மின்னஞ்சல் வந்தால் அது காசு பறிக்கிற போலி ஜேர்னல்; அழித்துவிடுங்கள்.

ஆய்வு உதவியாளர், முல்லைத்தீவு: பழைய கோப்பில் ஊர்ப்பெயர்கள் வாசிக்க முடியாமல் இருக்கின்றன. என்ன செய்ய?

போன கிழமை எனக்கும் இப்படி ஒன்று வந்தது. ஊர்ப்பெயர் இருக்கவேண்டிய அட்டவணை நிரலில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாய்க் கிடந்தது. பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தது. பாமினி தமிழ் எழுத்தைச் சேமிப்பதில்லை; ஆங்கில எழுத்துக்குத் தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டுகிறது. எழுத்துரு இல்லாத கணினியில் தமிழும் இல்லை. எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கி, யூடிஎஃப்-8 என்ற யூனிகோடு வடிவில் சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த எளிய அட்டவணைக் கோப்பாக) சேமியுங்கள். மூலக்கோப்பைத் தொடாமல் வைத்திருங்கள்.

சிஎஸ்வியை எக்செல்லில் இரட்டைச் சொடுக்கில் திறந்து மறுபடி சேமிக்கவே வேண்டாம். '3-2' என்ற கிணற்று இலக்கம் திகதியாகிவிடும். சில மரபணுப் பெயர்களையே எக்செல் திகதியாக்கிக்கொண்டிருந்ததால், 2020இல் அந்தப் பெயர்களை மாற்றவேண்டி வந்தது.

இளமாணி மாணவன்: நிரல் எழுத 'ஆர்' (R) மொழி நல்லதா, பைத்தான் நல்லதா?

தெரிந்ததைப் பாவியுங்கள். எழுதிய கணினி நிரலைத் தரவோடு சேர்த்து வையுங்கள்.

கள உத்தியோகத்தர், ஒட்டுசுட்டான்: உங்கட திறந்த தரவால எங்கட சனத்துக்கு என்ன? மீளக்குடியேறின நாளிலயிருந்து ஆரோ ஒருத்தர் வந்து கணக்கெடுக்கினம். போத்தல் போத்தலாத் தண்ணி அள்ளிக்கொண்டு போனவை முடிவைச் சொல்லத் திரும்பி வரேல்லை.

அண்ணை, நீங்கள் சொல்வது உண்மை. எனக்கும் அது நெஞ்சில் கிடக்கிற விசயம். கட்டுரை உலகத்துக்கே திறந்திருந்தும், தண்ணீர் தந்த வீட்டுக்கு அது போய்ச் சேரவில்லையென்றால் அந்த வேலை முடியவில்லை. முடிவு முதலில் அந்த வளவுக்குத் தமிழில் போகவேண்டும். புளோரைட் உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையான லீற்றருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் அந்தத் தண்ணீரைக் குடிக்கவேண்டாம் என்பதை ஜேர்னலில் வரும்வரை பொத்தி வைத்திருப்பது பிழை.

ஆய்வு மாணவர், வவுனியா: அப்படியென்றால் மூடியே வைக்கலாமே. சனத்தின் தரவு சனத்துக்கு.

இல்லைத் தம்பி. மூடினால் அடுத்த குழு அதே கிணற்றுக்கு இன்னொரு போத்தலோடு வரும். அண்ணை சொன்ன களைப்பு மூடி வைத்ததால் வந்தது.

அதே மாணவர்: பெயரை எடுத்துவிட்டால் போதுமா?

போதாது. இதை ஆறுதலாக வாசியுங்கள். ஜீபிஎஸ் இடக்குறியீடு ஆறு தசமத்தில் இருந்தால், எந்த வளவின் கிணறு என்பதே தெரியும். நாலு தசமம் ஏறத்தாழ 11 மீற்றர், இன்னும் அந்த வளவுதான். இரண்டு தசமம் ஒரு கிலோமீற்றரளவு. அந்த வரிசையிலேயே 'வீட்டில் சிறுநீரக நோயாளி: ஆம்' என்றிருந்தால், அந்த வீட்டுப் பிள்ளையின் கலியாணப் பேச்சு வரைக்கும் அது போகும். அளவுகளை ஊர் மட்டத்தில் திறவுங்கள். துல்லியமான இடத்தையும் நோய் விபரத்தையும் பூட்டி, யார் எப்படி அனுமதி கேட்கலாம் என்று எழுதி வையுங்கள். 2022இன் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் வாசியுங்கள். சம்மதப் படிவத்தில் 'தரவு பகிரப்படும்' என்ற வரி களத்துக்குப் போக முன்னமே இருக்கவேண்டும்.

கள உத்தியோகத்தர், ஒட்டுசுட்டான்: அந்தப் படிவத்தைத் தமிழில வாசிச்சுக் காட்டுவினமோ?

காட்டவேண்டும், அண்ணை. கேட்டபிறகு 'வேண்டாம்' என்று சொல்ல அவர்களுக்கு இடமும் விடவேண்டும்.

விரிவுரையாளர், கிளிநொச்சி: இலவசமாக வெளியிட வழி?

மேலே வவுனியாக்காரருக்குச் சொல்லியிருக்கிறேன். புகழ்ந்து வரும் மின்னஞ்சலையும் மறக்கவேண்டாம்.

மாணவி, முல்லைத்தீவு: எந்தப் புள்ளிவிபரச் சோதனை பொருந்தும், டி-டெஸ்டா?

புள்ளிவிபரம் தெரிந்தவரிடம் கேளுங்கள், மாதிரி எடுக்க முன்னம்.

இன்னொருவர்: வெளியிடக் காசு...

மேலே பாருங்கள்.

முதுமாணி மாணவி, கிளிநொச்சி: தரவை எங்கே வைப்பது? மடிகணினி பழுதாகிவிடும் என்று பயமாக இருக்கிறது.

ஐரோப்பிய அணு ஆய்வு நிறுவனமான செர்ன் நடத்தும் ஜெனோடோ என்ற இணையக் களஞ்சியத்தில். 2013இலிருந்து இருக்கிறது, காசில்லை. ஏற்றியதும் டிஓஐ என்ற நிரந்தர அடையாள இலக்கம் தரும். திருத்திப் புதிதாய் ஏற்றினால் பழைய பதிப்பும் அப்படியே நிற்கும். உங்கள் பெயரைக் குறிப்பிட்டு யாரும் பாவிக்கவிடும் சிசி பை (CC BY) உரிமம் போடுங்கள். கூடவே ஒரு பக்கத்தில் அட்டவணை நிரல்களின் பெயர் விளக்கத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வையுங்கள். ஏற்ற முன்னம் இடக்குறியீட்டு நிரலை இன்னொருதரம் திறந்து, எத்தனை தசமம் என்று எண்ணிப் பாருங்கள், தங்கச்சி.