கணினியில் குவிந்து கிடக்கும் கோப்புகளைத் தானாகவே கோப்புறைகளில் பிரித்து வைக்க முடியுமா?

முடியும். ஆனால் இந்தக் கேள்விக்கு வழக்கமாக வரும் பதில், பிடிஎஃப் எல்லாம் ஒரு கோப்புறை, படங்கள் ஒன்று, வேர்டு ஒன்று என்பதுதான். அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உங்களிடமும் பல ஆண்டுக் குவியல் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்கிறேன். நாலு பாட்டும் நாலு படமும் வைத்திருப்பவர் இப்படிக் கேட்க மாட்டார்.

நான் கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் பத்திர எழுத்தர். ஒரு கிரயம், அதாவது சொத்து விற்பனை என்றால் வேர்டில் வரைவு, மூலப் பத்திரத்தின் பிடிஎஃப், வில்லங்கச் சான்று, விற்பவர் வாங்குபவர் புகைப்படங்கள் என்று பல கோப்புகள். இவற்றை வகை பார்த்துப் பிரிப்பது, ஒரே வீட்டாரை ஆண், பெண், குழந்தை என்று மூன்று ஊருக்கு அனுப்புவது போன்றது.

ஓணத்துக்கு எங்கள் மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விடுவார்கள். அப்போது திருவனந்தபுரத்தில் மென்பொருள் வேலை பார்க்கும் அக்காள் மகன் வந்திருந்தான். ஆண்டு வாரியாகப் பிரித்துத் தருகிறேன் என்று பைத்தானில் ஒரு நிரல் எழுதினான். கோப்பின் பெயரில் நான்கு இலக்க எண்ணைத் தேடி, அந்த எண்ணில் கோப்புறை உண்டாக்கும். நல்ல பையன், எதையும் நகர்த்தாமல் முதலில் பட்டியலை மட்டும் எடுத்தான். அதில் 1098, 1103, 1121 என்று வரிசையாக வந்தன.

“இவ்வளவு தட்டச்சுப் பிழையா மாமா?” என்று சிரித்தான்.

பிழை ஒன்றுமில்லை. அவை கொல்லம் ஆண்டுகள், மலையாள ஆண்டுக் கணக்கு. எங்கள் ஊர் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த காலத்துப் பத்திரங்களில் ஆண்டு அப்படித்தான் இருக்கும். அப்படியானால் 825 கூட்டி ஆங்கில ஆண்டாக்கிவிடலாம் என்றான். அதுவும் சரிவராது. கொல்லம் ஆண்டு பிறப்பது ஆவணியில். அதிலிருந்து டிசம்பர் முடிய 824, பிறகு 825 கூட்ட வேண்டும். வெறும் 1098 என்றால் அது 1922-ஆ 1923-ஆ என்று மாதம் தெரியாமல் எந்த நிரலும் சொல்ல முடியாது. எனவே மாற்றவே வேண்டாம், பத்திரத்தில் உள்ளபடி ‘கொ1098’ என்றே இருக்கட்டும், புதியவை ‘கி2019’ என்று இருக்கட்டும் என்றேன். நிரல் இப்போது அந்த முன்னெழுத்தைப் பார்த்துத்தான் பிரிக்கிறது.

சொல்ல வந்தது வேறு, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணைந்தவர்கள் நாங்கள். இன்றைக்கும் வெளியூரிலிருந்து பார்சல் அனுப்புகிறவர்கள் முகவரியைக் கேட்டுவிட்டு, “கேரளாவா சார்?” என்கிறார்கள். பின்கோடு 629-இல் தொடங்குகிறது ஐயா, பார்த்தால் தெரியாதா?

விஷயத்துக்கு வருகிறேன். பெயரில் எதற்கு ஆண்டு, கோப்பு உருவான தேதியையே எடுக்கலாமே என்று யாராவது கேட்பார்கள். விண்டோஸில் ஒரு கோப்பைப் பென்டிரைவ் வழியாகப் புதுக் கணினிக்கு நகலெடுத்தால், உருவான தேதி நகலெடுத்த நாளாக மாறிவிடும். திருத்திய தேதி மாறாது. ஆனால் 1922 பத்திரத்தை நேற்று ஸ்கேன் செய்தால் அதுவும் நேற்றையதுதான். டேட்டாபேஸ் போடலாமே என்பவர்களுக்கு: போடலாம், என் உதவியாளர் தேடுவது கோப்புறையில்தான்.

பெயரில் சர்வே எண்ணையும் சேர்க்கிறோம். அதில் ஒரு தொல்லை. 245/3 என்று எழுதினால் விண்டோஸ் ஏற்காது. சாய்கோடு கோப்புப் பெயரில் வரக் கூடாது. எனவே 245-3 என்று எழுதி, கிராமம், சர்வே எண், ஆண்டு ஆகியவற்றுக்கு இடையில் அடிக்கோடு போடுகிறோம். பிரிக்கும் குறி ஒன்றாகவும் எண்ணுக்குள் வரும் குறி வேறாகவும் இருந்தால்தான் நிரல் குழம்பாது.

ஒரு எச்சரிக்கை மட்டும். ஸ்கேனர் எல்லாவற்றுக்கும் ‘ஸ்கேன்0001’ போன்ற பெயரையே வைக்கும். பைத்தானின் நகர்த்தும் கட்டளைக்குக் கோப்புப் பெயரோடு முழுப் பாதையைக் கொடுத்தால், அங்கே அதே பெயரில் ஏற்கெனவே இருப்பதைக் கேட்காமலே அழித்துவிட்டுப் புதியது உட்காரும். நகர்த்தும் முன் அந்தப் பெயர் அங்கே இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மூலத்தின் நகல் ஒன்றும் வெளி வட்டில் இருக்கட்டும்.

நிரலை அனுப்பச் சொல்லித் தனிச்செய்தி அனுப்ப வேண்டாம். ஒளித்து வைக்கவில்லை, அது எங்கள் பெயர் முறைக்கு மட்டுமே எழுதப்பட்டது. உங்கள் கணினியில் ஓட்டினால் எல்லாவற்றையும் ‘பிரிபடாதவை’ என்ற ஒரே கோப்புறையில் தள்ளிவிடும்.